கணுக்கால் கயிறு

பிப்ரவரி 8, சனி

இந்த டைரி அவருக்கு வந்தது. பட்டறைக்கு வெள்ளி கொடுக்கும் கடையில் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் ஒன்று கொடுப்பார்கள். அவர் ஒரு வரி எழுதியதில்லை. போன வருடத்து டைரி, கிரைண்டர் ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் கிடக்கிறது. இதை என் மகள் சுகன்யா எடுத்துவந்து மடியில் போட்டாள்.

"அழவும் மாட்டேங்கற, பேசவும் மாட்டேங்கற. வர்றவங்க போறவங்களை எல்லாம் கடிச்சுக் கொதர்ற. இதுலயாவது எழுதும்மா."

"அஞ்சாவது படிச்சவ என்னத்த எழுதறது?"

"அஞ்சாவதுல சொல்லிக்குடுத்த எழுத்து போதும்."

சரி, எழுதுகிறேன். என் பெயர் பாவாயி. ஊர் சேலம். என் வீட்டுக்காரர் சீரங்கன் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை பார்த்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துபோனது. காலையில் சாப்பாட்டுத் தூக்கை வாங்கும்போது, "மோர் வெச்சியா?" என்றார். "வெச்சிருக்கேன், போங்க" என்றேன். கடைசியாகப் பேசியது அதுதான். போங்க என்றேன், போய்விட்டார்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. இழவுக்கு வந்துவிட்டு, காபியில் சர்க்கரை போதவில்லை என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்த சித்தப்பா மேல். இவர் படத்துக்குக் கோணலாகப் பொட்டு வைத்த ஸ்டுடியோக்காரன் மேல். எல்லோர் மேலும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. இழவு வீடு என்று அது காத்திருக்குமா? பிடித்து வைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அவருடைய அக்கா செல்லாயி, காரியம் முடியும் வரை இங்கேதான் இருக்கப் போகிறார். நங்கையா என்று கூப்பிடுவேன். தம்பி மேல் உயிர். ஆனால் வாயும் கையும் சும்மா இருக்காது. என் அரிசி டின்னை இடம் மாற்றி வைத்துவிட்டு, "எங்க இருக்கோணுமோ அங்க வெச்சிருக்கறேன்" என்கிறார்.

இன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. அவர் போன பிறகு 'அது' வரவே இல்லை.

அது என்னவென்று எழுத வேண்டும். கல்யாணமான புதிதில் தொடங்கியது. அசந்து தூங்கும்போது உள்ளங்காலில் ஏதோ படும். சில சமயம் சூடான மூச்சு மாதிரி. சில சமயம் யாரோ பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருக்கிற மாதிரி. பதறி எழுந்தால் ஒன்றும் இருக்காது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எழுப்பிச் சொன்னால், "கனாக் கண்டிருப்ப, படு" என்பார். கனா எப்போதும் காலிலேயேவா வரும்?

மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். காத்து கருப்பு பிடித்திருக்கிறது என்று பூசாரியைக் கூட்டிவந்து கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கினார். இடது கணுக்காலில் கட்ட வேண்டும். வேற்று ஆள் காலைத் தொட வேண்டாம் என்று இவரே கீழே உட்கார்ந்து கட்டினார். இற்றுப்போகும் போதெல்லாம் புதிது வாங்கி அவரே கட்டுவார். கட்டினால் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும். பிறகு மறுபடி வரும்.

இந்தச் சேலத்து வெயிலில், தெருவே மொட்டைமாடியில் படுக்கிற சித்திரையிலும், நான் இரண்டு காலையும் போர்வையில் பொட்டலம் மாதிரி சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். வேர்வையில் கால் ஊறிப்போகும். எடுத்து வெளியே விட மாட்டேன்.

ஒரு தடவை பயத்தில் ஓங்கி உதைத்தேன். கெட்டியாக எதன் மேலோ பட்டது. கத்திக்கொண்டு எழுந்து லைட்டைப் போட்டால் பக்கத்தில் யாரும் இல்லை, அவர் பாத்ரூமில் இருந்தார். காலையில் பார்த்தால் அவருக்கு உதடு வீங்கியிருந்தது. முந்தின நாள் பட்டறையில் கம்பி தெறித்தது, இப்போதுதான் வீங்குகிறது என்றார். எனக்கும் பயம், அவருக்கும் அடி, நேரம் சரியில்லை என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நங்கையாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அவர் போன பிறகு காலில் ஒன்றும் படுவதில்லை என்று.

அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை காலில் வந்து நின்றது.

"வந்த வேலை முடிஞ்சுதுல்ல. இனி எதுக்கு வருது?"

"என்ன வேலை நங்கையா?"

"உங்கால்ல சுத்திக்கிட்டுக் கெடந்தது எந்தம்பி உசுரை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. கல்லாட்டம் இருந்தவன். ஒரு காச்சல் தலைவலி உண்டா அவனுக்கு? எல்லாம் உங்காலு வந்த நேரம்."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பால் ஊற்ற வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள், வாசற்படிக்கு வெளியிலேயே நின்று ஊற்றினாள்.

பிப்ரவரி 12, புதன்

நானா கொன்றேன்? ஊரில் எந்த ஆம்பிளை பெண்டாட்டியின் காலைப் பற்றி யோசிக்கிறான்? இவர் யோசித்தார். வெடிப்புக்குக் களிம்பு வாங்கி வருவார். தேய்க்கக் கல் வாங்கி வருவார். நெயில் பாலிஷ் வாங்கி வருவார். "இந்த வயசுல எதுக்கு" என்றால், "எனக்காகப் போட்டுக்கோயேன்" என்பார். மருதாணி அரைத்தால் கைக்கு வைத்தேனா என்று கேட்க மாட்டார், காலுக்கு வைத்தேனா என்றுதான் கேட்பார். கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுப்பார். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறதாம். தூக்கத்தில் என் கால் அவர் மேல் பட்டுவிட்டால் எனக்குப் பதறும். கட்டினவர் மேல் கால் படலாமா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "பட்டாப் படட்டும் விடு" என்பார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணத்தன்று என் காலைத் தூக்கி அம்மி மேல் வைத்து மெட்டி போட்டபோது அவர் கை நடுங்கியது. மெட்டி விரலில் ஏறவில்லை. நிமிர்ந்து பார்த்து, "வலிக்குதா? போடட்டுமா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். தலையாட்டினேன். சுற்றி நின்ற பொம்பளைகள், "மாப்ள, காலைக் கீழ விடுங்க, பொண்ணு எத்தனை நேரம் ஒத்தைக் கால்ல நிப்பா" என்று சிரித்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவரோடு மல்லுக்கட்டினேன். கடைவீதியில் பெரிய வெள்ளிக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. வருகிற பெண்களுக்குக் கொலுசு போட்டுக் காட்டுகிற வேலை. இஸ்திரி சட்டை, ஏசி. போன வேகத்தில் விட்டுவிட்டு மறுபடி பட்டறைப் புகைக்குள் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், "ஒத்து வரல." அவ்வளவுதான் பதில். அதைப் பல வருடம் சொல்லிக் காட்டினேன். அந்தப் புகைதான் அவர் நெஞ்சைத் தின்றது. நங்கையா என் காலைச் சொல்கிறார். நான் அந்தப் புகையைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அர்த்தனாரி அண்ணன் வந்தார். பட்டறையில் இவருக்குப் பக்கத்துப் பலகையில் உட்காருகிறவர், சின்ன வயதுச் சிநேகிதம். இவருடைய செருப்பையும் சாப்பாட்டுத் தூக்கையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தூக்கைத் திறந்தேன். மோர் அப்படியே புளித்துப்போயிருந்தது. கழுவக்கூடத் தோன்றாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாரே என்று அவர் மேலும் கோபம் வந்தது.

காபி கொடுத்தேன். நங்கையா விடவில்லை, அவரிடமும் ஆரம்பித்தார்.

"நீயே சொல்லு அர்த்தனாரி. பூசாரி அன்னைக்கே சொன்னாரு, இது லேசுல போவாதுன்னு. இவ கால்ல கெடந்தது எந்தம்பியக் கொண்டுக்கிட்டுத்தான் போச்சு. காரியத்தன்னைக்குப் பூசாரிய வரச்சொல்லியிருக்கறேன். இவளக் கட்டிவெச்சாவது ஓட்டிரோணும்."

அர்த்தனாரி அண்ணன் முகம் கறுத்துப்போனது. நங்கையா பூ வாங்கப் படியிறங்கிப் போனதும் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அந்தக்கா பேசறதக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. காத்தும் இல்ல, கருப்பும் இல்ல."

"அப்புறம் என்னங்கண்ணா?"

"சீரங்கன்தான்."

எனக்கு விளங்கவில்லை. உயிரோடு இருந்தவர் எப்படிக் காத்து கருப்பு ஆவார் என்று நினைத்தேன். அர்த்தனாரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இளவட்டத்திலிருந்தே இவருக்கு அப்படி ஓர் ஆசையாம், பெண்களின் பாதத்தின் மேல். மற்ற ஆம்பிளைகளுக்கு முகத்தைப் பார்த்தால் வருவது இவருக்குக் காலைப் பார்த்தால் வருமாம். நான் தூங்கின பிறகு என் காலைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொள்வாராம். உள்ளங்காலில் பட்ட சூடான மூச்சு அவருடைய மூச்சு.

"சாமி சத்தியமா வேற பொம்பளை மேல அவன் கை பட்டதில்ல தங்கச்சி. அந்தக் கடை வேலைய எதுக்கு விட்டான்னு நெனைக்கற? 'அந்தப் புள்ளைங்க கொலுசுக்குக் காலை நீட்டுதுங்க அர்த்தனாரி, எனக்கு நீட்டல. எம்மனசுல என்ன இருக்குன்னு தெரியாம நீட்டுதுங்க. அப்படித் தொட்டா அது திருட்டு'ன்னு சொல்லிட்டு வந்துட்டான்."

"எங்கால?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எங்காலப் பத்தி என்ன சொன்னாரு?"

"'அவ எம்பொண்டாட்டிதான, அது எப்படித் திருட்டாவும்'னான். நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வாயத் தொறந்து சொல்லு, அவகிட்டயே கேளுன்னேன். 'காறித் துப்பிட்டா மறுக்கா அவ மூஞ்சில எப்படி முழிக்கறது'ன்னான். உனக்குக் கயிறு கட்டின அன்னைக்குப் பட்டறையில உக்காந்து அழுதான்."

"அழுதாரா? அழுதுட்டு, இத்துப்போனதும் புதுக் கயிறு கட்டினாரா?"

"தங்கச்சி…"

"நீங்க? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எத்தனை வருசம் எங்கையில காபி வாங்கிக் குடிச்சீங்க? எங்கால்ல கயிறு இருந்தது உங்க கண்ணுல படலியா?"

"தப்புதான். அவன் மானம் போயிருமேன்னு…"

"டம்ளரக் குடுங்க."

பிடுங்கினேன். மிச்சக் காபி அவர் வேட்டியில் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, எழுந்து போனார்.

பிப்ரவரி 14, வெள்ளி

அவர் படத்துக்கு விளக்கு ஏற்றவில்லை. நங்கையா ஏற்றினார்.

பிப்ரவரி 15, சனி

இதுவரை எல்லாம் அவர் அவர் என்று எழுதினேன். இன்றைக்கு நீ.

கடைக்கு வந்த பெண்களுக்கு நீ நேர்மையாக இருந்தாய். பெயர் தெரியாத பெண்கள். ஒரு கொலுசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள். அவர்கள் காலைத் தொடுவது திருட்டு என்று உனக்குத் தெரிந்தது. வேலையையே விட்டாய். உன் துணியைத் துவைத்து, உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் காலைத் தொடுவது மட்டும் திருட்டு இல்லையா? தாலி கட்டினால் தூங்குகிற உடம்புக்கும் சேர்த்துக் கட்டினதாக ஆகிவிடுமா?

உன் ஆசை எனக்கு அசிங்கமாகப் படவில்லை. இரண்டு நாளாக அதை யோசித்துப் பார்க்கிறேன். கால்தானே. ஆனால் நான் பயந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பாத்ரூமுக்குப் போக உன்னைத் துணைக்கு எழுப்பினேன். நீயும் வந்து வாசலில் நின்றாய். சுகன்யா வயிற்றில் இருந்தபோது, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். "இருக்கறேன்ல, தூங்கு" என்றாய். நீ இருந்ததுதான் பயமே. கறுப்புக் கயிற்றை என் காலில் கட்டும்போது உன் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்காக வருந்துகிறாய் என்று நினைத்தேன். உனக்காக வருந்தியிருக்கிறாய்.

கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேனா? தெரியாது. முதலில் கத்தியிருப்பேன். அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். திரும்பி வந்து, சிரிப்பு வந்து, சரி இந்தா என்று நீட்டியிருப்பேனோ என்னவோ. மாட்டேன் என்றே நின்றிருப்பேனோ. எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நீ என்னை விடவில்லை. இனி எந்தக் காலத்திலும் தெரியாது. செத்துப்போனவனோடு எப்படிச் சண்டை போடுவது?

சாதம் குழைந்துவிட்டது. நங்கையா முணுமுணுத்தார். குழைந்ததையே தின்னுங்கள் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி அலசும்போது சுகன்யாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதையும்.

"அப்பா போயி இன்னும் காரியம்கூட ஆகல. அவரப் பத்தி இப்படிப் பேசாதம்மா" என்று பக்கெட்டை உதைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பிழிந்த சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் உதறினோம்.

"அந்த மாதிரி ஆசை நிறைய பேருக்கு உண்டும்மா. அது ஒண்ணும் வியாதி இல்ல. உனக்குப் புளிச்ச கீரை புடிக்கற மாதிரி."

"கீரைய நான் கேட்டு வாங்கித்தான்டி தின்னேன். உங்கொப்பனாட்டம் அடுத்தவ தூங்கறப்ப அவ தட்டுல எடுக்கல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நங்கையா பூசாரியிடம் போய்ப் பேசி வந்துவிட்டார். புதன்கிழமை விடிந்ததும் மெட்டியைக் கழற்றிவிட்டு, இரண்டு பேர் என் காலைப் பிடித்துக்கொள்ள, பூசாரி மிளகாய்ப் புகை போட்டுப் புதுக் கயிறு கட்டுவாராம்.

"நான் மாட்டேன்."

"உனக்காகவா சொல்றேன்? வயசுப் புள்ள இருக்குது. பேய் புடிச்ச ஊட்டுல எவன் பொண்ணெடுப்பான்? இப்பவே தெருவுல நாலு பேரு சொல்றாளுக."

வாயை மூடிக்கொண்டு காலை நீட்டினால், புருஷனைக் கொன்ற கால் என்று சாகும்வரை சுமக்க வேண்டும். என் மகள் பேய் வீட்டுப் பெண். வாயைத் திறந்தால் செத்தவரின் மானம் போகும். என் மகள் கால் பைத்தியம் பிடித்தவன் மகள். எந்தப் பக்கம் போனாலும் அவர் செய்ததை நாங்கள்தான் சுமக்கிறோம். படத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சுகன்யாவிடம் கேட்டேன், உன் பெயரும் கெடுமே, சொல்லவா வேண்டாமா என்று.

ரொம்ப நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அதைக் கேட்டு ஓடற மாப்பிள்ளை ஓடட்டும். உன்னை யாரும் புடிச்சு அமுக்கக் கூடாது. சொல்லும்மா" என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

விடியற்காலை குளிக்க வைத்துக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பொம்பளைகள். வாசலில் ஆம்பிளைகள், பூசாரி. மிளகாய் வாடை அப்போதே வந்துவிட்டது. தாலியை நானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டேன்.

நங்கையா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் பாதத்தைப் பிடித்து மெட்டி விரலைத் திருகினார். மேட்டுத்தெரு அங்கம்மா கணுக்காலை அழுத்திப் பிடித்தாள். அந்தப் பிடி பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆனது. உதறி இழுத்துக்கொண்டேன்.

"எங்காலை யாரும் கேக்காமத் தொடக் கூடாது."

"பாத்தீங்களா, பேசறது இவ இல்ல, உள்ள இருக்கறது பேசுது" என்றார் நங்கையா. "பூசாரி, உள்ள வாங்க!"

"உள்ள ஒண்ணும் இல்ல நங்கையா. நாந்தான் பேசறேன். பாவாயி. எங்காலைத் தொட்டுக்கிட்டுக் கெடந்தது உங்க தம்பி."

வாசலில் நின்ற ஆம்பிளைகளும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"அவருக்குக் கால் மேல ஆசை. எல்லாத்துக்கும் ஏதோ ஒரு ஆசை இருக்குது, அத நான் சொல்லல. எங்கிட்டக் கேக்காம, நான் தூங்கறப்பத் தொட்டாரு. பேயின்னு நெனைச்சு நான் நடுங்கினேன். அது பேய் இல்லன்னு இந்த ஊட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு, உக்காந்து எனக்குக் கயிறு கட்டினாரு."

அங்கம்மா கணுக்காலைப் பிடித்திருந்த கையைப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அட சாமி. எனக்கு வாச்சது எம்மூஞ்சியவே ஒரு நாளும் நேராப் பாத்ததில்ல, காலுக்கு எங்க வர்றது" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

நங்கையா என்னை அடிக்கக் கை ஓங்கினார். "செத்தவன் வந்து பேச மாட்டான்னு பழியப் போடறியா? எந்தம்பி சாமியாட்டம் இருந்தவன்டி!"

வாசலில் இருந்து அர்த்தனாரி அண்ணன் குரல் வந்தது. உள்ளே வரவில்லை, தலையை மட்டும் நிலையில் வைத்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி சொல்றது நெசம் அக்கா. எங்கிட்ட அவனே சொன்னான். நானும் மறைச்சேன். என்னைய அடிங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அவருக்கு ஒருக்கா ஒதடு வீங்கியிருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன். "எங்கிட்டக் கம்பி தெறிச்சுதுன்னாரு."

நங்கையா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வாய் கோணியது. "எங்கிட்ட வண்டியில இருந்து உழுந்துட்டேன்னான்" என்றார். பிறகு, "மஞ்சப் பத்துப் போட்டு உட்டனேடி நான்" என்று முகத்தில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போது கொஞ்சம் இறங்கியது. நங்கையாவையும்தானே இவர் ஏமாற்றியிருக்கிறார்.

அரிவாள்மனையை இழுத்தேன். காலை ஊன்றி, கணுக்கால் கயிற்றைப் பிடித்து அலகில் வைத்து ஓர் இழுப்பு. அறுந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துப் போயிருந்தது. எழுந்து போய் அவர் படத்துக்கு முன்னால், இட்லியும் வடையும் படைத்திருந்த இலையின் ஓரத்தில் வைத்தேன்.

"இது உன்னோடது. எடுத்துக்கோ."

பூசாரி புதுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "எங்கிட்ட இதெல்லாம் யாரும் சொல்லலியேம்மா."

"எங்கிட்டயும்தான் சொல்லல."

மூத்த பொம்பளை ஒருத்தி, "சரி, ஆனது ஆச்சு, மெட்டியையாவது கழட்டு தாயி, முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றாள்.

குனிந்து பார்த்தேன். வெள்ளி தேய்ந்து கம்பி மாதிரி ஆகிவிட்டது.

"இதைக் கழட்ட மாட்டேன். இது ஒண்ணுக்குத்தான் அவரு எங்கிட்டக் கேட்டாரு. நீங்க எல்லாரும் சுத்தி நிக்கறப்பக் கேட்டாரு. நானும் சரின்னேன். இது எங்கால்ல இருக்கட்டும்."

அர்த்தனாரி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தெருவில் இறங்கினார். வெளியே காக்கைக்கு வைத்த சோற்றை ஒரு காக்கையும் தொடவில்லை என்று யாரோ கத்தினார்கள். வேண்டாம் என்றால் விடுங்கள், அதற்குப் பசியில்லை போல என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நங்கையா ஊருக்குக் கிளம்பினார். அரிசி டின்னைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது, "நீ ஊருக்கு முன்னால சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். "நீங்க ஊருக்கு முன்னால புடிச்சிருக்க வேண்டாம்" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

இன்று பால்காரி படி ஏறி வந்து ஊற்றினாள். முகத்தைப் பார்த்தாள். என்னவோ கேட்க வந்து கேட்காமல் போனாள். ஊர் பேசும். பேசட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

சுகன்யா நாளைக்கு ஓசூர் வேலைக்குத் திரும்புகிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். நல்ல வெயில். வழக்கம்போலப் போர்வையை இழுத்துக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"காலெல்லாம் வெடிச்சுக் கெடக்குதும்மா. எண்ணெய் தேச்சு உடட்டுமா?"

கை நீண்டிருந்தது. தொடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

"சரி" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து படுத்து, போனை நோண்ட ஆரம்பித்தாள்.

இவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்றதால் அவள் குறைந்துபோகவில்லை, வீடு இடிந்து விழவில்லை. இந்த ஒரு கொட்டாவி நேரத்துக்குத் தைரியம் இல்லாமல் ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கப் பேயாக இருந்தாரே. அதை நினைத்ததும், அவர் செத்த அன்றிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. அவளுக்குக் கேட்காமல் முகத்தைத் தலையணையில் அழுத்தி அழுதேன். கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் அழுதேன்.

அழுது முடித்ததும் வேர்த்தது. போர்வையை உதறித் தள்ளிவிட்டேன். இரண்டு காலையும் நீட்டினேன். ஃபேன் காற்று வந்து உள்ளங்காலில் பட்டது. வெறும் காற்று.

தூங்கிவிட்டேன்.